ஏரியூர் ஆலங்கட்டிக்கு எத்தனை கரு?

பென்னாகரம் பக்கம் பஸ் ஏறுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒகேனக்கல் அருவிக்குப் போகிறவர்கள். நான் அந்த வழியில் முதன்முதலாகப் போனது ஒரு பனிக்கட்டியைப் பார்க்க. 1986, ஏப்ரல் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. அருவியை அன்றைக்கு நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் போன பயணங்களில் எது உசத்தி என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சேலத்தில் ஒரு வானிலைப் பதிவு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். சுற்றுவட்டாரத்தில் மழைமானி வைத்திருப்பவர்கள் தினமும் காலை எட்டரைக்கு அளவெடுத்து அனுப்புவார்கள், நான் அதைப் பேரேட்டில் ஏற்றுவேன். ஏரியூர் ஒன்றிய அலுவலகத்து மழைமானி அந்தோணி என்பவர் பொறுப்பில் இருந்தது. அவர் அங்கே தோட்டக்காரர். பதினோரு வருடமாக ஒருநாள்கூட அளவு தவறியதில்லை. கல்யாண நாளன்றும் எட்டரைக்கு அளந்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனார் என்று எங்கள் ஆபீசில் ஒரு பேச்சு உண்டு.

திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து போன். ஞாயிறு சாயங்காலம் நாலு பத்துக்குக் கல்மழை. மழை அளவைச் சொல்லிவிட்டு, "ஒரு கல்லு மட்டும் ஒம்பது சென்டிமீட்டருங்க, எடை இருநூத்திப் பத்து கிராம், சீத்தாப்பழமாட்டம் முண்டும் முடிச்சுமா இருக்குது" என்றார். கல்லை ஐஸ் விற்கிறவரிடம் கொடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். நான் அப்படியே எழுதிக்கொண்டுபோய் எங்கள் பிரிவுத் தலைவர் சந்தானம் சாரிடம் நீட்டினேன்.

சார் படித்துவிட்டுப் பேப்பரைத் தள்ளிவிட்டார். "முண்டும் முடிச்சும்னா நாலஞ்சு கல்லு ஒண்ணா ஒட்டிக்கிட்ட கட்டிம்மா. ஒரே கல்லு கிடையாது." அவரைக் குறை சொல்ல முடியாது. பல வருடத்துக்கு முன்னால் அரைக் கிலோ ஆலங்கட்டி என்று வந்த தகவலை நம்பி மேலிடத்துக்கு அனுப்பி, அது தரையில் ஒட்டிக்கொண்ட குவியல் என்று தெரிந்து, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். சூடு கண்டவர், மறுபடி ஏமாற மாட்டார். உடனே ஒரு கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார்: பதிவைச் சிவப்பு மையால் அடிக்கவும், தவறாக எழுதியதாக அந்தோணி கையெழுத்துப் போடவும், மழைமானியின் பூட்டுச் சாவியை அந்த அலுவலக எழுத்தரிடம் ஒப்படைக்கவும்.

சாவி போனால் மழைமானி இனி அவர் பொறுப்பில் இல்லை என்று அர்த்தம். பதினோரு வருடம் வேலை பார்த்தவரைப் பொய்யர் என்று சொல்வதற்கு முன்னால் கல்லை ஒரு முறை பார்க்க வேண்டாமா? கேட்டேவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "போய்ப் பாத்துட்டு வா. ஒட்டுக்கட்டியா இருந்தா லெட்டரை உன் கையாலேயே குடுத்துட்டு வா." ஆக, பயணத்துக்கு அனுமதி கிடைத்தது, ஒரு பொல்லாத வேலையோடு சேர்ந்து.

செவ்வாய் காலை 4.45க்கு சேலத்தில் தருமபுரி பஸ். அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய் ஐம்பது காசு. பையில் ஒரு ஹேக்சா பிளேடு, ஒரு பூதக்கண்ணாடி, ஸ்கேல், அந்தக் கடிதம், அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம். தொப்பூர் கணவாயில் பஸ் முக்கி முனகி ஏறும்போது விடிந்தது. மலைக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இதே வானத்தைப் பார்க்க வேண்டும்.

கணவாய் ஏறி முடிவதற்குள் ஆலங்கட்டி எப்படி உண்டாகிறது என்று சொல்லிவிடுகிறேன். வெயிலில் தரை காய்ந்து, ஈரக்காற்று வேகமாக மேலே எழும்புகிறது. மேகம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல்கூட வளரும். அந்த உயரத்தில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல், தண்ணீராகவே மிதக்கும் துளிகள் ஏராளம். ஒரு சின்னப் பனியுருண்டையோ உறைந்த மழைத்துளியோ குறுக்கே வந்தால், அந்தத் துளிகள் அதன்மேல் மோதி ஒட்டி உறைந்துவிடும். அந்தத் தொடக்கத் துணுக்குக்குத்தான் கரு என்று பெயர். மேலே தூக்கும் காற்று தாங்கும்வரை கல் வளரும். தாங்க முடியாதபோது விழும். அந்தோணி சொன்ன அளவுக் கல் விழுந்தால் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும்.

கல்லை வெட்டினால் உள்ளே வெங்காயம் மாதிரி வளையங்கள் தெரியும். கடுங்குளிரில், துளிகள் குறைவான இடத்தில் வளர்ந்தால் துளி பட்டவுடன் உறைந்துவிடும். காற்றுக் குமிழிகள் உள்ளே மாட்டிக்கொள்வதால் அந்த வளையம் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் நிறைய மோதினால் அது பரவி மெதுவாக உறையும், குமிழிகள் வெளியேறிவிடும், வளையம் கண்ணாடியாக இருக்கும். ஒவ்வொரு வளையத்துக்கும் கல் ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தது என்று எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் பெரிய கற்கள் பெரும்பாலும் அப்படி ஏறி இறங்கி விளையாடுவதில்லை. தூக்கும் காற்றுக்கும் தன் எடைக்கும் நடுவே மிதந்தபடி, மேகத்துக்குள் ஈரமான இடம், குளிர்ந்த இடம் என்று கடந்து, ஒரே பயணத்தில் வளர்கின்றன.

வகைப்படுத்துவது அளவை வைத்து. ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அதை ஆலங்கட்டிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதற்கு மேலே எங்கள் ஆபீசில் புழங்கிய பட்டியல் இப்படி: சுண்டைக்காய், நெல்லிக்காய், எலுமிச்சை, கோழிமுட்டை, கிரிக்கெட் பந்து. அகலமான இடத்தில் அளக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் பயிருக்கு அடி பலம். ஐந்தைத் தாண்டினால் ஓடு உடையும், அதைப் பெரிய கல் என்போம். பத்தைத் தொட்டால் ராட்சசக் கல். ஒன்பது என்பது எங்கள் பட்டியலின் கடைசியில் இருந்த பந்தையும் தாண்டி நின்றது. சார் நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

தருமபுரியில் 6.40க்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே நாலு இட்லி, ஒரு டீ. ஒரு ரூபாய் அறுபது காசு. 7.10க்குப் பென்னாகரம் வண்டி, முப்பத்திரண்டு கிலோமீட்டர், மூன்று ரூபாய் இருபது. இண்டூர் தாண்டும்வரை வழியில் கல்மழையின் அறிகுறியே இல்லை, மாமரங்கள் காயோடு நின்றன. ஆலங்கட்டியின் குணமே அதுதான். ஒரு பட்டையாக விழும், பட்டைக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அந்தப் பக்கத்துச் சேதி தெரியாது. பென்னாகரத்தில் வண்டி மாறி ஒன்பது மணிக்கு ஏரியூர் பஸ். கடைசி மூன்று கிலோமீட்டரில்தான் கிழிந்த வாழையும், உடைந்த ஓடும், தரையெல்லாம் மாம்பிஞ்சுமாகக் கண்ணில் பட்டன.

9.50க்கு ஏரியூர். அந்தோணி ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, மண் ஒட்டிய கை. "வாங்க மேடம். பெரிய ஆபீசரு வருவாருன்னு நெனச்சங்க" என்றார். வந்தது இந்த ஒல்லிக்குச்சி என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. கடிதத்தைப் பற்றி நான் மறைக்கவில்லை, முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பிறகு, "நான் பாக்காதத எழுதுனதில்லீங்க. சாவியக் கேட்டாங்கன்னா குடுத்தர்றன். பொய்யின்னு கையெழுத்து மட்டும் போட மாட்டனுங்க" என்றார்.

கல் இருந்த இடம் ஒரு புளி மண்டி. கனத்த சுவர், உள்ளே நல்ல குளிர்ச்சி. ஞாயிற்றுக்கிழமை கல் விழுந்த பத்து நிமிடத்துக்குள் இதே மண்டித் தராசில்தான் அந்தோணி எடை போட்டிருந்தார். மூட்டைகளுக்கு நடுவே ஒரு சைக்கிள், அதன் கேரியரில் நீல மரப்பெட்டி. பெட்டிக்குச் சொந்தக்காரர் மாதையன், ஊர் ஊராகக் குச்சி ஐஸ் விற்கிறவர். இரண்டு நாளாக வியாபாரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, பென்னாகரம் ஐஸ் பாக்டரியிலிருந்து தினம் ஐஸும் உப்பும் கொண்டுவந்து இந்தக் கல்லைக் காப்பாற்றியவர். பெருமையாக மூடியைத் திறந்து, சாக்கை விலக்கி, வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

உள்ளே இருந்தது ஒரு கட்டி. பெரிய கல்லைச் சுற்றி ஏழெட்டுச் சின்னக் கற்கள் அப்பிக்கொண்டு, சார் சொன்ன அதே ஒட்டுக்கட்டி, அச்சு அசலாக.

"என்னங்க இது?" என்றேன்.

"அன்னிக்கே நெல்லிக்காய் சைசுக் கல்லா பொறுக்கி, சுத்தி அண்டக் குடுத்து வச்சங்க" என்றார் மாதையன். "ஐஸு ஒத்தையா இருந்தா கரஞ்சு போயிரும். கூட்டமா இருந்தாத்தான் நிக்கும். எங்க தொழில்ல அப்படித்தானுங்க."

தொழிலின்படி அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஐஸ்காரர் எவரும் அப்படித்தான் செய்வார். ஆனால் கூடவே உப்பும் போட்டிருந்தார். உப்பு பட்டு மேல் தோல் இளகி, திரும்ப உறைந்து, எல்லாம் ஒன்றோடு ஒன்று பசை போட்டதுபோல் ஒட்டிவிட்டது. அந்தோணி அதை அப்போதுதான் பார்க்கிறார். அவர் முகம் செத்துவிட்டது. மாதையனுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

இதை அப்படியே எடுத்துப்போனால் சார் தூரத்திலிருந்தே சிரிப்பார். அறுக்கலாம், அதற்குத்தான் பிளேடு கொண்டுவந்தேன். ஆனால் இந்தக் குவியலில் எங்கே அறுப்பது? கரு வழியாகப் போகாமல் ஓரமாக அறுத்துவிட்டால் வளையம் சரியாகத் தெரியாது, வேறு இடம் தேடி மறுபடி அறுப்பதற்குள் கல் கையிலேயே கரைந்துவிடும். இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

அந்தோணி கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "மேடம், நான் மாங்கன்னு ஒட்டுக் கட்டறவன். ஒட்டுன கெளையும் தானா மொளச்ச கெளையும் வெளிய பாத்தா ஒண்ணாத்தான் இருக்கும். வெட்டிப் பாத்தா தெரிஞ்சு போயிருமுங்களே. ஒட்டுன எடத்துல தழும்பு நிக்கும். தானா மொளச்சது நடு மரத்துல இருந்து ஓடி வரும்."

விஞ்ஞானமும் இதையேதான் சொல்கிறது. வளரும் கல்லில் சின்ன மேடு இருந்தால், எதிரே வரும் துளிகளை அதுதான் முதலில் பிடிக்கும். வெப்பமும் அங்கேதான் சீக்கிரம் வெளியேறும். அதனால் மேடு இன்னும் மேடாகி முண்டாகிறது. அப்படி வளர்ந்த முண்டுக்குள் நடுக்கருவின் வளையங்களே வளைந்து நீளும். ஒட்டிக்கொண்ட கல்லென்றால் அதற்குத் தனிக் கரு, தனி வளையம், நடுவே ஒரு கோடு.

"எங்க அறுக்கறதுன்னுதான் தெரியல" என்றேன். அதற்கு அந்தோணி மழைப் பதிவேட்டை எடுத்து வந்து ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை விரித்தார். ஓரத்தில் பென்சிலால் கல்லைப் படமாகவே வரைந்திருந்தார், முன்பக்கம், பின்பக்கம், ஏழு முண்டுக்கும் எண் போட்டு. எழுதச் சொன்னது அளவை மட்டும்தான். மனிதர் விடவில்லை. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. படத்தை வைத்து எது பழைய முண்டு, எது மாதையன் அண்டக் கொடுத்தது என்று விரல் வைத்துப் பிரித்தோம். மூன்றாம் முண்டிலிருந்து நடு வழியாக ஆறாம் முண்டுவரை அறுப்பது என்று முடிவானது.

அறுத்தது அந்தோணிதான், ஒட்டுக் கட்டிப் பழகிய கை. மாதையன் சாக்கால் கல்லை அழுத்திப் பிடிக்க, பிளேடு சரக் சரக்கென்று நான்கு நிமிடம் போனது. இரண்டாவதாகப் பக்கத்திலேயே இன்னொரு இழுப்பு, விரல் தடிமனுக்கு ஒரு வில்லை வந்தது. ஒரு எவர்சில்வர் தட்டை வெயிலில் காட்டிச் சூடாக்கி, வில்லையின் இரண்டு பக்கத்தையும் அதில் தேய்த்து வழவழப்பாக்கினேன். வாசலில் போய் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

நடுவில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. அதைச் சுற்றிக் கண்ணாடி, பிறகு வெள்ளை, பிறகு கண்ணாடி, மறுபடி வெள்ளை. அந்த வளையங்கள் மூன்றாம் முண்டுக்குள்ளும் ஆறாம் முண்டுக்குள்ளும் எங்கேயும் அறுபடாமல் ஓடின. ஓரத்தில் ஒட்டியிருந்த நெல்லிக்காய்க் கற்களுக்குத் தனித்தனிப் பொட்டு, நடுவில் உப்பு பாய்ந்த மங்கலான கோடு. ஒரு பிள்ளைக்குக் காட்டினாலும் புரியும். பெரிய கல்லுக்குக் கரு ஒன்றுதான்.

"ஒண்ணுதானுங்களே?" என்று அந்தோணி கேட்டார். ஒன்றுதான் என்றேன். அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மாதையன் எழுந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, மண்டியிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஓரமாக உதிர்ந்த துண்டுகளை ஆளுக்குக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டோம். வானத்திலிருந்து வந்த ஐஸ், உப்புக் கரித்தது.

12.15க்குத் திரும்பும் பஸ். வில்லையும் பாதிக் கல்லும் ஐஸ் பெட்டிக்குள், இந்த முறை உப்பு படாமல் பிளாஸ்டிக் கவரில். மாதையனே கூட வந்தார். தப்புப் பண்ணியவன் நான், சேர்த்துவிட வேண்டியதும் நான்தான் என்று சொல்லிவிட்டார். பென்னாகரத்தில் கண்டக்டர் பெட்டியைப் பார்த்து மறித்தார்.

"உள்ள என்னய்யா?"

"கல்லுங்க."

"கல்லுக்கு எதுக்குய்யா ஐஸு?"

மாதையன் மூடியைத் திறந்து காட்டி, கதையை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இண்டூர் வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் வில்லையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றார்கள். கரைந்துவிடும் என்று நான் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுமை டிக்கெட் ஒன்றரை ரூபாய். தருமபுரியில் இரண்டு ரூபாய்க்கு ஐஸ் வாங்கி நிரப்பினோம்.

சேலத்தில் 5.05க்கு இறங்கி, ஆட்டோவுக்கு ஆறு ரூபாய் கொடுத்து, 5.20க்கு ஆபீஸ். ஐந்தரை மணி அளவுக்காக சந்தானம் சார் கருவிக் கூண்டுக்குப் போகத் தயாராக நின்றார். வில்லையைக் கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய்த் தூக்கிப் பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். முண்டுக்குள் ஓடும் வளையத்தை நகத்தால் தொட்டுக்கொண்டே போனார். தண்ணீர் அவர் முழங்கைவரை வடிந்து சட்டை நனைந்தது. அன்று மாலை அளவு இரண்டு நிமிடம் தாமதமாக எடுக்கப்பட்டது, என் சர்வீசில் அதுதான் முதலும் கடைசியும்.

"ஒரே கல்லுதான்" என்றார். பிறகு கையை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தேன், நாலாகக் கிழித்தார். ஏரியூர்ப் பதிவுக்குக் கீழே 'வெட்டிப் பார்க்கப்பட்டது, சரி' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்றைக்கு இதைத் தட்டச்சு செய்யும்போதும் அந்தச் சந்தோஷம் அப்படியே வருகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மத்தியானம் மூன்று மணிக்குள் சேர வேண்டிய இடம் சேர்ந்துவிடுங்கள். கல் விழ ஆரம்பித்தால் மரத்தடிக்கு ஓடாதீர்கள், இடி உண்டு. கான்கிரீட் கூரைக்குக் கீழே நில்லுங்கள், ஓட்டுக் கூரையை நம்ப வேண்டாம். மழை விட்டதும் பெரிய கல் கிடைத்தால் உடனே அகலத்தை அளந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, எடை போட்டு, பிளாஸ்டிக் கவரில் தனியாகக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். துணைக்கு எதையும் வைக்காதீர்கள். பஸ் நேரமும் கட்டணமும் நான் சொன்னது அந்தக் காலத்துக் கணக்கு, புதிதாக விசாரித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் போகிறீர்கள், அருவியையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. அடுத்த மாதம் சந்தானம் சார் மழைமானி வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பெரிய ஆலங்கட்டிக்கு முண்டுகள் இருப்பது இயல்பு, முண்டு இருக்கிறது என்பதற்காக அதை ஒட்டுக்கட்டி என்று தள்ளிவிடக் கூடாது, படம் வரைந்து வைக்கவும் என்று. படித்ததற்கு அடையாளமாக எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஏரியூரிலிருந்து வந்த தாளில் மட்டும் கையெழுத்துக்குக் கீழே, பென்சிலில், ஒரு வரி கூடுதலாக இருந்தது: "ஐயாவுக்கு இது தெரிஞ்சதுல ரொம்ப சந்தோசங்க."